கோயம்பேட்டின் நான்கு கணக்குகள்

பொழுது விடியும்போது சென்னையின் கோயம்பேடு சந்தையில் வாழைத்தண்டும் கோஸ் இலையும் அழுகிய தக்காளியும் குவிந்து கிடக்கும். அந்தக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க, நாளொன்றுக்கு 30 டன் கொள்ளளவில், இருபது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஓர் ஆலை கட்டினார்கள். சில ஆண்டுகள் ஓடியது, பிறகு முடங்கியது. அதே கோயம்பேட்டில் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது. அங்கே கசடிலிருந்து வரும் எரிவாயுவில் மின்சாரம் எடுக்க வசதி உண்டு. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் அனுப்பும் ஆலையும் 2019-இல் அங்கே திறக்கப்பட்டது. காய்கறிக் கழிவைக் கசடோடு சேர்த்துச் செரிக்கவைத்தால் எரிவாயு கூடும் என்பது பொறியாளர்கள் அறிந்ததுதான். ஆனால் சந்தை அங்காடி நிர்வாகக் குழுவிடம், கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம், தெருக்குப்பை மாநகராட்சியிடம், மின்சாரம் மின்வாரியத்திடம். சந்தைக் கழிவு ஆலை முடங்கியதால் நட்டப்பட்டவர் யார் என்று தேடினால் இந்த நால்வரில் ஒருவரும் அகப்படமாட்டார்.

நம் குடியிருப்புகளிலும் இதே கதைதான். அடுக்குமாடிக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொடுத்துவிட்டு பில்டர் விலகிவிடுகிறார். மின்கட்டணத்துக்குப் பயந்து சங்கம் இரவில் ப்ளோயரை நிறுத்துகிறது. காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் மடிகின்றன, மறுநாள் ஃப்ளஷ் தண்ணீர் நாறுகிறது, கடைசியில் கழிவுநீர் லாரியைக் கூப்பிடுகிறார்கள். ஒழுங்காக நடத்தும் சங்கத்துக்கும் பலன் குறைவு. தோட்டத்துக்கும் ஃப்ளஷுக்கும் போக மிஞ்சும் நீரை வாங்குவாரின்றி மழைநீர் வடிகாலில் விடவேண்டியிருக்கிறது. செலவு ஒருவர் தலையிலும் வரவு இன்னொருவர் கையிலும் இருக்கும்வரை எவ்வளவு நல்ல இயந்திரம் வாங்கினாலும் அது துருப்பிடிக்கத்தான் செய்யும்.

எனவே வார்டு அளவில் ஒரே கணக்கு வேண்டும் என்கிறோம். வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் தமிழக அரசு 2022-இலேயே விதி வகுத்துவிட்டது. அந்தக் குழுக்களை மனு வாங்கும் கூட்டங்களாக விட்டுவைக்காமல் நிதியும் அதிகாரமும் தரவேண்டும். குடிநீர் வாரியம், மாநகராட்சி, மின்வாரியம் மூன்றின் பகுதிப் பொறியாளர்களும் அங்கே வந்து பதில் சொல்லவேண்டும். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் போகாமல் தடுத்த ஒவ்வொரு டன் குப்பையாலும் மிச்சமாகும் லாரி வாடகை வார்டுக்கே திரும்பவேண்டும். மிஞ்சும் சுத்திகரித்த நீரைப் பூங்காவுக்கும் கட்டடப் பணிக்கும் விலைகொடுத்து எடுப்பது வாரியத்தின் கடமையாகவேண்டும்.

இன்னொரு குழுவா என்று சலித்துக்கொள்வோர் உண்டு. புதிதாக ஒன்றைக் கேட்கவில்லை, இருப்பதற்கு உயிர் கேட்கிறோம். சிறு ஆலைகளை நடத்தமுடியாது, பெரிய மைய நிலையங்களே மேல் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆளில்லாத சிறு ஆலை ஆபத்துதான். ஆகவே வார்டுகள் பல சேர்ந்து பொறியாளரை அமர்த்திக்கொள்ளட்டும். நிர்வாகம் ஒரு கையில் இருந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பழைய ராணுவக் குடியிருப்பு இருந்த யென்ஃபெல்டில் 800-க்கும் மேற்பட்ட வீடுகளின் கழிப்பறைக் கழிவைத் தனி வெற்றிடக் குழாயில் எடுத்து எரிவாயுவாக்கும் ஏற்பாட்டைச் செய்தது நகரின் பொதுத்துறைக் குடிநீர் நிறுவனம். அதன் கீழேயே அப்போது ஓர் எரிசக்தி நிறுவனமும் இருந்தது. அது பணக்கார நாடு என்பார்கள். வெற்றிடக் குழாய்க்குப் பணம் வேண்டும், நிர்வாகத்தை ஒரு கையில் சேர்ப்பதற்கு அவ்வளவு வேண்டியதில்லை.

மக்கள் குப்பையைப் பிரித்துத் தரமாட்டார்கள் என்பதுதான் அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதை வீட்டின் கடமையாக்கின. ஆனால் பேட்டரி வண்டியின் பச்சைத் தொட்டியிலும் நீலத் தொட்டியிலும் தனித்தனியாகப் போட்டது தெருமுனை லாரியில் ஒன்றாகக் கலப்பதைப் பார்க்கும் இல்லத்தரசி எத்தனை நாள் பிரிப்பார்? அந்தத் தொட்டிக்குள் கைவிட்டு டயாப்பரையும் உடைந்த கண்ணாடியையும் ஒதுக்குபவர் தூய்மைப் பணியாளர். எந்தத் தெரு பிரிக்கிறது, எந்த வீடு ஏமாற்றுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு நாள்கணக்கில் அமர்ந்திருந்தவர்களும் அவர்கள்தான். வார்டு குழுவில் முதல் நாற்காலி அவருக்குப் போடப்படவேண்டும், காயலான் கடைக்குப் போகும் உலர்கழிவின் வருமானத்தில் அவர் பங்கு எழுத்தில் இருக்கவேண்டும்.