"பிள்ளைதான் சமாளிக்கணும்" என்பவர்களுக்கு



சாதாரண தரப் பெறுபேறு வரும் அன்று லயத்தில் வெடி கொளுத்துகிறோம். பாஸான பிள்ளையின் பேரில் கோயிலில் அர்ச்சனை வைக்கிறோம். இரண்டு வருடம் கழித்து உயர்தரப் பெறுபேறு வரும்போது அதே லயத்தில் சத்தமே இல்லை. வெடி கொளுத்திய வீட்டுப் பிள்ளைகளில் பலர் அந்தப் பரீட்சைக்குத் தோற்றியே இருக்கமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் அதிகாரியிடமும் அரசியல்வாதியிடமும், ஏன் நம்மவர்களிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது: "ஏ.எல். கஷ்டம். பிள்ளைதான் சமாளிக்கணும்."

தோட்டப் பாடசாலையில் படித்து, தோட்டப் பாடசாலையிலேயே படிப்பிக்கும் நாங்கள் இந்தப் பதிலை ஏற்கவில்லை.

உயர்தரம் கஷ்டம் என்பதை மறுக்கவில்லை. ஒன்பது பாடத்தைப் பரவலாகப் படித்து வந்த பிள்ளை, மூன்று பாடத்துக்குள் ஆழமாக இறங்க வேண்டும். புத்தகத்தைப் பாடமாக்கி எழுதினால் போதாது. தேடிப் படித்து, குறிப்பெடுத்து, சொந்தமாக யோசித்து எழுத வேண்டும். இது கொழும்புப் பிள்ளைக்கும் கஷ்டம்தான். ஆனால் நம் பிள்ளைக்கு நடப்பது வேறு. அதுவரை பிடித்திருந்த மூன்று கைகளும் ஒரே நேரத்தில் விட்டுவிடுகின்றன.

கட்டாயக் கல்விச் சட்டம் 16 வயதோடு விடுகிறது. அரசாங்கத்தின் இலவசப் பாடநூல் 11ஆம் தரத்தோடு விடுகிறது. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை 11ஆம் தரத்தோடோ, அதற்கு முன்னரோ நின்றுவிடுகின்றன. மூன்றும் விட்ட இடத்தில் பிள்ளையைத் தனியே நிறுத்திவிட்டு, "சமாளி" என்கிறோம்.

எங்களிடம் படித்த ஒரு பெண்பிள்ளையின் கதையைச் சொல்கிறோம். கணிதத்தில் ஏ, விஞ்ஞானத்தில் பி. அம்மா மேல் பிரிவில் கொழுந்து பறிப்பவர். பிள்ளைக்கு உயிரியல் படிக்க ஆசை. விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை டவுனில்தான் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு லயத்தை விட்டு இறங்கி, மூன்று மைல் நடந்து, இரண்டு பஸ் மாற வேண்டும். மழைக்காலத்தில் சப்பாத்தெல்லாம் சேறு, காலெல்லாம் அட்டை. முதல் பஸ் தவறினால் முதல் பாடம் போய்விடும். பிந்தி வந்ததற்காக வாசலில் நிற்கவைக்கப்பட்ட நாட்களும் உண்டு. மூன்றாம் மாதம் அவள் பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவுக்கு மாறினாள். அடுத்த வருடம் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். விசாரிக்கப் போனபோது, அவளுடைய உயிரியல் கொப்பியின் மிச்சப் பக்கங்களில் தம்பி படம் கீறிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு மூளையிலா குறை? பஸ்ஸில்தான் குறை.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம் போன்ற பிரிவுகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அடங்கும். கலைப் பிரிவு அனுமதியோ பிரதானமாக நாடு முழுவதற்குமான தரவரிசைப்படியே நடக்கிறது. ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாததால் நம் பிள்ளைகளில் அதிகமானோர் போய்ச் சேருவது அந்தக் கலைப் பிரிவில்தான். ஏணி ஒரு சுவரில், நம் பிள்ளைகள் இன்னொரு சுவரின் கீழே! கலை படிப்பது குறைவு என்று நாங்கள் சொல்லவில்லை. விரும்பிப் படிப்பது வேறு, வேறு வழியில்லாமல் படிப்பது வேறு.

காசுக் கணக்குக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கிலோ குறைந்தால் அதுவும் முழுதாக இல்லை, அரைப் பேர்தான். டவுனில் மூன்று பாடத்துக்கு டியூசன் காசு, பஸ் காசு, போட்டோக் கொப்பிக் காசு என்று கூட்டிப் பாருங்கள். தாய் மலையில் நின்ற எத்தனை பேர் அதற்கே போகிறது? பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய பேரும் இல்லை. பிறகு, "தோட்டத்துப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று பேச்சு வேறு.

இது இன்று நேற்று வந்த கதையல்ல. 1945இல் இந்த நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். அன்று பிந்திய பஸ் இன்றும் பிந்தியே வருகிறது. 2017இல் "13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வி" என்றார்கள். பதினோரு வருடத்தோடு முடியும் பாடசாலையில் மற்ற இரண்டு வருடத்தை எங்கே தேடுவது?

நம் பக்கத்துப் பிழையையும் பேசத்தான் வேண்டும்.

ஆசிரியர்களான எங்களில் சிலர் வகுப்பில் சொல்லவேண்டியதை டியூசனுக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். அது தொழிலாளியின் பேரில் கைவைப்பது. பெற்றோரில் சிலர், சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களில், "சும்மாதானே இருக்கிறான்" என்று பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்புகிறார்கள். தரகர் தோட்டத்துக்கு ஏறி வருவதும் சரியாக அந்த மாதங்களில்தான். முதல் சம்பளம் கையில் பட்ட பிள்ளை திரும்பி வந்து 12ஆம் தரத்தில் உட்காருவது அபூர்வம். தொழிற்சங்கமான நாமோ கூட்டு ஒப்பந்தக் காலத்திலும் சரி, சம்பள நிர்ணய சபைக் காலத்திலும் சரி, சம்பளத்துக்காகத் தெருவில் நின்றோம். ஓர் இரசாயனவியல் ஆசிரியருக்காக ஒரு நாளாவது நின்றோமா?

"படித்துப் பட்டம் வாங்கியவனும் வேலையில்லாமல்தானே இருக்கிறான்?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் வேலையில்லாப் பட்டதாரியைக் காட்டி எந்தத் துரையாவது தன் பிள்ளையின் படிப்பை நிறுத்தியிருக்கிறாரா? மலைக்குப் போவதா வேறு வேலைக்குப் போவதா என்று நம் பிள்ளை தானே தீர்மானிக்கும் நாள் வரவேண்டும். அதற்குத்தான் இந்த இரண்டு வருடம்.

ஆகவே இவற்றைச் சங்கத்தின் கோரிக்கைகளாக வைக்கிறோம்:

1. தோட்டப் பிள்ளைகள் நாளாந்தம் போய்வரக்கூடிய தூரத்தில் தமிழ்மொழிமூல விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் வேண்டும். அவற்றுக்கு ஆசிரியர்களை நியமித்தால் மட்டும் போதாது. அவர்கள் தங்குவதற்கு விடுதியும் வேண்டும்.

2. "சிசு செரிய" பாடசாலை பஸ் தோட்டப் பாதைகளுக்கும் வரவேண்டும்.

3. ஒவ்வொரு பிரிவிலும் பாவனையில் இல்லாத ஒரு கட்டடத்தை வெளிச்சத்தோடும் மேசை கதிரையோடும் இரவுப் படிப்பறையாகத் தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும். முழுக் குடும்பமும் படுக்கும் ஒரு காம்பராவில் உயர்தரம் படிக்க முடியாது.

4. பெற்றோர் கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டும்.

கேட்பதோடு நிற்கப் போவதில்லை. பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஆசிரியர்களான நாங்கள் காசு வாங்காமல் ஆரம்ப வகுப்பு நடத்துகிறோம். இடத்தைத் தோட்டக் கமிட்டி பார்த்துத் தரட்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தலைவரும் ஒரு பட்டியலோடு வரட்டும்: தன் பிரிவில் 11ஆம் தரம் படிக்கும் பிள்ளைகள் யார், என்ன படிக்க ஆசை, எந்தப் பாடசாலை, எத்தனை மைல். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எல்லோரும் சேர்ந்து போவோம்.

சந்தா கட்டும் ஒவ்வொரு தாயும் தன் தலைவரிடம் கேளுங்கள்: "என் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா?"