வேரில் இருக்கும் கையிருப்பு

இலங்கை மலைநாட்டின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் கவ்வாத்துக் காலம் தொடங்கியதும், இலையடர்ந்து நின்ற ஒரு மலை முழுவதும் சில நாட்களுக்குள் வெறுங்கொப்புகளாக நிற்பதைக் காணும் வெளியூரார், தோட்டத்தையே அழித்துவிட்டார்களோ என்று ஐயுறுவது இயல்பே. தேயிலையைத் தன்போக்கில் விட்டால் அது மரமாக ஓங்கிக் கைக்கு எட்டாமற்போகும். ஆகையால் மலையின் உயரத்தையும் தூரின் வயதையும் அனுசரித்துச் சில வருஷங்களுக்கு ஒருமுறை அதைத் தாழ வெட்டிக் கவ்வாத்துச் செய்கிறார்கள். இலையே செடிக்கு உணவு சமைக்கும் உறுப்பு என்று பாடசாலையில் கற்ற எவருக்கும் இங்கே ஒரு கேள்வி எழவேண்டும்: இலையனைத்தையும் இழந்த செடி அடுத்த தளிரை எதைக்கொண்டு உண்டாக்குகிறது?

விடை மண்ணுக்கடியில் இருக்கிறது. செடி தன் நல்ல காலத்தில் வேர்களில் மாப்பொருளைச் சேமித்து வைக்கிறது. வெட்டுண்ட பின் அந்தக் கையிருப்பைச் செலவழித்தே துளிர்க்கிறது. எனவே கவ்வாத்துக்கு முன் பென்சில் பருமனுள்ள சில வேர்களைத் தோண்டியெடுத்துக் குறுக்கே வெட்டி, அயடீன் கரைசலில் தோய்த்துப் பார்க்குமாறு, 1925இல் நிறுவப்பெற்றுத் தலவாக்கலை செயின்ட் கூம்ஸில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோட்டங்களுக்குச் சொல்லிவருகிறது. வெட்டுமுகம் கருநீலமானால் வெட்டலாம். ஆகாவிடில் கவ்வாத்தைத் தள்ளிப்போட்டு, கொழுந்து பறிப்பதையும் நிறுத்தி, செடிக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். குளிர்ந்த உயரங்களில் இக்கையிருப்பு மிகுதி. வெப்பமான தாழ்நிலங்களில் குறைவாதலால், அங்கே ஓரிரு கொப்புகளை வெட்டாமல் விட்டு, அவை மற்றவற்றைப் போஷிக்கும்படி செய்கிறார்கள். வறட்சியில் கத்தி வைத்தால் தூர் செத்துப்போகும் என்பதை, அயடீனைக் கண்ணாற் காணாத கவ்வாத்துக்காரரும் நன்றாக அறிவர்.

கண்ணுக்குப் புலப்படாததைச் சிரத்தையுடன் தேடும் இந்தப் பழக்கந்தான் விஞ்ஞானத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன். தேயிலைக்கு முன் இம்மலைகளை ஆண்ட கோப்பியை, 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் முதலிற் காணப்பட்ட இலைநோய் சீரழித்தபோது, அதை ஆராய 1880இல் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டு என்ற இளைஞர், பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்துக் காற்றில் மிதந்துவரும் பூஞ்சண வித்திகளைப் பிடித்தார். துரைமார் அவரிடம் எதிர்பார்த்தது மருந்து. அவரோ நோய் பரவும் விதத்தைத் தெளிவாகக் காட்டி, தம்மிடம் மருந்தில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லி, 1882இல் திரும்பினார். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

தாவரவியல் கற்பிப்பதையே ஜீவனமாகக் கொண்ட எனக்கு, வேரைப் பார்த்த பின்னரே கத்தியை எடுக்கும் இந்த மலைநாட்டு நியாயம் சர்வகலாசாலையிலும் வேண்டும் என்று தோன்றுகிறது. முதல் வருஷப் பரீட்சையில் தேறாத மாணவனுக்குத் திறமையில்லை என்று முடிவுகட்டுவது எளிது. அவன் எத்தனை மணிக்கு உறங்கினான், எதை உண்டான், லயக்காம்பராவில் எத்தனை பேருக்கிடையே இருந்து படித்தான் என்று விசாரிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். விடியுமுன் எழுந்து சமைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓடி, நாள் முழுதும் சரிவில் நின்று பறித்தும், நிறை குறைந்தால் அரைப்பேரோடு, அதாவது அரைநாட் கூலியோடு, வீடு திரும்பும் தாயின் களைப்பு, அவள் பிள்ளையின் விடைத்தாளில் இருக்கிறது. அதைத் திருத்துகிறவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

ஒரு சமூகத்தையே வேர் பாராமல் வெட்டியதும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் கையெழுத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தலைமுறைகள் சேர்க்கவேண்டிய கையிருப்பு எப்படிச் செலவழிந்தது என்பதை அறியாமல், தோட்டப் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளை நகரத்துப் பெறுபேறுகளோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்குவோரைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. மூன்று மாதத்துப் பிரத்தியேக வகுப்புகளால் இந்தக் குறை நிரம்பாது. நிரம்பும் என்று பெற்றோரை நம்பவைப்பது அநியாயம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். உயர்தர விஞ்ஞானப் பிரிவு இன்னும் எட்டாத தோட்டப் பாடசாலைகளுக்கு, மாற்றலாகிப் போய்விடாமல் பல வருஷம் தங்கிப் படிப்பிக்கும் ஆசிரியரையும், பூட்டிவைக்காத ஓர் ஆய்வுகூடத்தையும் அரசாங்கம் கொடுக்கட்டும். காலையில் சூடான உணவு முதலாம் வகுப்பிலிருந்தே கிடைக்கட்டும். அதன் செலவில் தோட்டக் கம்பனிகளும் பங்கேற்கட்டும். இம்மலைகளில் பிறந்து சர்வகலாசாலைகளுக்குப் போன எங்களைப் போன்றவர்கள், விடுமுறைகளில் ஊருக்கு வரும்போது, வாசிகசாலைத் திறப்புவிழாவுக்கு மாலை வாங்கிக்கொள்வதோடு நில்லாமல், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு வாரமாவது ஆய்வுகூடத்தில் உட்காரவேண்டும்.