ட்ரெக்கிங் போறீங்களா... உங்க இன்ஷூரன்ஸ் எத்தனை மீட்டர் வரைக்கும் ஏறும்?

பிப்ரவரி பிறந்துவிட்டால் கோவைப் பக்கம் மூங்கில் தடிக்கு மவுசு வந்துவிடும். வெள்ளியங்கிரி சீசன். ஏழு மலையையும் ஏறி இறங்கிவிட்டு, கால்வலி போவதற்குள்ளேயே "அடுத்தது நேபாளம்தானுங்க" என்று ஆரம்பிக்கிறவர்கள் இப்போது எல்லா வாக்கிங் குரூப்பிலும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம் பாலியில் ஸ்கூபா, துபாயில் ஸ்கை டைவிங் என்று கல்லூரி நண்பர்கள் கிளம்புகிறார்கள். ஐரோப்பாவுக்கு பயர் மீட்டிங் போகும் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள், அப்படியே இரண்டு நாள் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

டிக்கெட், ஹோட்டல், ஷூ, ஜெர்கின் என்று எல்லாவற்றையும் பத்து இடத்தில் விசாரித்து வாங்குகிறோம். டிராவல் இன்ஷூரன்ஸை மட்டும் டிக்கெட் புக் பண்ணும்போது கீழே இருக்கும் கட்டத்தில் ஒரு டிக் அடித்து முடித்துவிடுகிறோம். அந்த டிக் பற்றித்தான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

"என் வீட்டுக்காரருக்கு 58 வயது. ஐந்து வருடமாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். வெள்ளியங்கிரி நான்கு முறை ஏறியவர். பையனோடு சேர்ந்து அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போகிறேன் என்கிறார். 'டிக்கெட்டோடு இன்ஷூரன்ஸும் போட்டாச்சும்மா' என்கிறான் பையன். அது போதுமா?"

போதுமா, போதாதா என்பது அந்த பாலிசியில் இருக்கும் நான்கைந்து வரிகளில்தான் இருக்கிறது. எந்த வரிகள் என்று பார்ப்போம்.

விசா வேண்டாம், ஆனாலும் அது வெளிநாடுதான்

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா கேட்டால், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விண்ணப்பம் நகராது. நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசாவே தேவையில்லை. வாக்காளர் அட்டை இருந்தாலே விமானம் ஏறலாம். அதனால் விசா கவுன்டரில் யாரும் நம்மிடம் இன்ஷூரன்ஸ் கேட்பதில்லை. நாமும் மறந்துவிடுகிறோம்.

'வீட்டில் அஞ்சு லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் இருக்கே' என்று நினைக்க வேண்டாம். வழக்கமான மெடிக்ளெய்ம் பாலிசிகளும், கம்பெனியில் கொடுக்கும் குரூப் இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் இந்தியாவுக்குள் எடுக்கும் சிகிச்சைக்குத்தான் பணம் தரும். உள்நாட்டுப் பயண பாலிசியும் காத்மாண்டுவுக்கு வராது. வெளிநாட்டுப் பயண பாலிசி தனியாக வேண்டும். அதையும் இந்தியாவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

தொட்டபெட்டாவுக்கு மேலே...

வெள்ளியங்கிரி ஏறக்குறைய 6,000 அடி, அதாவது சுமார் 1,800 மீட்டர். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அன்னபூர்ணா பேஸ் கேம்ப் 4,130 மீட்டர். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் 5,364 மீட்டர்.

சுமார் 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்கு உயர நோய் வர ஆரம்பிக்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கி, முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். உடனே கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். நன்றாக நடக்கிறவர், தினமும் ரேஸ் கோர்ஸைச் சுற்றுகிறவர் என்று பார்த்து அது வருவதில்லை. வெள்ளியங்கிரியை நான்கு முறை ஏறியது கால்களின் பலத்தைச் சொல்லும். 4,000 மீட்டரில் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லாது.

வானிலையும் நம் கையில் இல்லை. 2014 அக்டோபர் 12-ம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுத்ஹுத் புயலை நினைவிருக்கிறதா? அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாள் கழித்து அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயையும் சுற்றுப்புறத்தையும் பனி மூடியதில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் இந்தியர்களும் உண்டு. அக்டோபர்தான் அங்கே ட்ரெக்கிங்குக்கு நல்ல மாதம் என்று எல்லோரும் கிளம்பும் நேரம்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நாம் சொல்லிவிட முடியாது. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அந்தக் குழுக்களில் ஒன்று ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போனது.

பாலிசியில் முதலில் தேட வேண்டிய சொல்

'50,000 டாலர் மெடிக்கல் கவர்' என்று முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். பாலிசி வாசகங்கள் முழுமையாக இருக்கும் பி.டி.எஃப்-ஐத் திறந்து, விலக்குகள் பகுதிக்குப் போங்கள். 'அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ்' அல்லது 'ஆபத்தான செயல்பாடுகள்' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள்.

பல சாதாரண பாலிசிகளில் அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். சிலவற்றில் கூடுதல் பிரீமியம் கட்டினால் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தாலும் மூன்று நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, உயரம். ட்ரெக்கிங்குக்கு இத்தனை மீட்டர் வரைதான் என்று பல நிறுவனங்கள் எல்லை வைக்கின்றன. எல்லை 3,000 மீட்டர் என்று எழுதியிருந்தால், 4,130 மீட்டர் போகிறவருக்கு அந்த பாலிசி பாதி வழியிலேயே நின்றுவிடும். இரண்டு, கருவிகள். கயிறு, ஐஸ் கோடரி பயன்படுத்தும் மலையேற்றம் வேறு, பாதையில் நடக்கும் ட்ரெக்கிங் வேறு என்று பிரிப்பார்கள். மூன்று, வழிகாட்டி. பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் செய்தால் மட்டுமே பணம் என்று இருக்கும்.

டிக்கெட்டோடு சேர்த்து டிக் அடிக்கும் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் விமானத் தாமதம், பெட்டி தொலைவது, பயண ரத்து போன்றவற்றை மனதில் வைத்துப் போடப்பட்டது. அதில் மலை இருக்கிறதா என்பது படித்தால்தான் தெரியும்.

ஹெலிகாப்டர் ஏறும் முன் ஒரு போன்

உயரத்தில் ஒருவர் விழுந்துவிட்டால் ஆம்புலன்ஸ் வராது. ஹெலிகாப்டர்தான். செலவு சில ஆயிரம் டாலர்கள். பாலிசியில் 'மெடிக்கல் எவாக்குவேஷன்' இருக்கிறதா, அதில் ஹெலிகாப்டரும் சேர்த்தியா, உயர நோய்க்கும் பொருந்துமா என்று மூன்றையும் பாருங்கள். காணாமல் போனவரைத் தேடும் செலவு இதில் வராது. அது பெரும்பாலும் தனி கவர்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்காக வெளிநாட்டில் உதவி செய்யும் அசிஸ்டன்ஸ் கம்பெனி ஒன்று இருக்கும். அதன் 24 மணி நேர எண் பாலிசியில் இருக்கும். அவர்களிடம் சொல்லி அனுமதி வாங்கிய பிறகே ஹெலிகாப்டர் என்பதுதான் வழக்கமான நிபந்தனை. இதற்கு ஒரு காரணமும் உண்டு. நேபாளத்தில் தேவையே இல்லாத ஹெலிகாப்டர் மீட்புகளைக் காட்டி இன்ஷூரன்ஸ் பணம் பறித்த மோசடியை 2018-ல் அந்நாட்டு அரசே விசாரித்தது. பயணிகளை வேண்டுமென்றே நோயாளிகளாக்கியதாகக்கூட வழிகாட்டிகள் சிலர் மீது புகார் எழுந்தது. அதன் பிறகு நிறுவனங்கள் ஒவ்வொரு பில்லையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கின்றன. "நீங்க ஏறுங்க சார், இன்ஷூரன்ஸ்ல பாத்துக்கலாம்" என்று அங்கே யாராவது சொன்னால், அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிட்டு ஏறுங்கள். உயிருக்கே ஆபத்து என்றால் ஏற்றிவிட்டு, முதல் வாய்ப்பிலேயே தகவல் சொல்லுங்கள்.

சுகர் மாத்திரையை மறைக்காதீர்கள்

கோபி வாசகிக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. விண்ணப்பத்தில் 'ஏற்கெனவே நோய் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டால் பிரீமியம் கொஞ்சம் குறையலாம், பாலிசியும் சுலபமாக வந்துவிடும். ஆனால் மருத்துவமனையில் எடுக்கும் முதல் ரத்தப் பரிசோதனையிலேயே சுகர் தெரிந்துவிடும். உண்மையை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை மறுக்க அதுவே போதும்.

உண்மையைச் சொல்லி எடுத்தாலும், பழைய நோயால் வரும் சிகிச்சைக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. சில பாலிசிகள் உயிருக்கு ஆபத்தான அவசர நிலைக்கு மட்டும் தரும். எனவே உங்கள் பையனிடம் இரண்டு கேள்விகளை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு இமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். 'சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் 58 வயதுக்காரர், 4,130 மீட்டர் வரை ட்ரெக்கிங் போகிறார். உயர நோய் வந்தால் சிகிச்சைக்கும் ஹெலிகாப்டருக்கும் இந்த பாலிசி பொருந்துமா? சுகர் தொடர்பான அவசர சிகிச்சைக்குப் பொருந்துமா?' இரண்டுக்கும் 'ஆமாம்' என்று எழுத்தில் வந்தால் அந்த பாலிசி போதும். வாயால் சொல்வது கணக்கில் இல்லை. 'இல்லை' என்று வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். எங்குமே கிடைக்கவில்லை என்றால், வீட்டுக்காரர் உயரம் குறைந்த வேறு பாதையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. எப்படியானாலும், கிளம்பும் முன் அவருடைய டாக்டரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஸ்கூட்டர், ஸ்கூபா, ஸ்கீயிங்

பாலி, தாய்லாந்தில் வாடகை ஸ்கூட்டர் எடுப்பது நம் பையன்களுக்கு சாதாரணம். நம் ஊர் லைசென்ஸில் இருசக்கர வாகனத்துக்கான அனுமதி இல்லாமல் கார் ஓட்டும் அனுமதி மட்டும் இருந்தால், அங்கே ஸ்கூட்டரில் விழுந்ததற்கு க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம். ஆர்.டி.ஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். போகும் நாட்டில் அது செல்லுமா என்றும் பாருங்கள். ஹெல்மெட் போடாமலோ, குடித்துவிட்டோ ஓட்டியிருந்தால் பாலிசியை எடுத்துப் பார்ப்பதிலேயே அர்த்தமில்லை.

ஸ்கூபாவுக்கு ஆழ எல்லையும், சான்றிதழ் அல்லது பயிற்சியாளர் வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். டைவிங் நோய் வந்தால் உயர் அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் சிகிச்சை தருவார்கள். அந்தச் செலவு கவரில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் அடித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். கடைசி நாள் காலையில் டைவிங், மாலையில் ஃப்ளைட் என்று திட்டம் போடாதீர்கள்.

அடிக்கடி ஐரோப்பா போகிற தொழில்காரர்களிடம் வருடம் முழுவதுக்குமான மல்டி ட்ரிப் பாலிசி இருக்கும். விசாவுக்கு அது போதும். பனிச்சறுக்கில் கால் உடைந்தால் போதுமா என்பது தனிக் கேள்வி.

தேதி, தொகை, தாள்கள்

எவரெஸ்ட் பக்கம் போகிறவர்கள் லுக்லா விமான நிலையம் வழியாகப் போவார்கள். மேகம் இறங்கினால் அங்கே விமானம் நாள்கணக்கில் நிற்கும். திரும்பும் தேதியோடு பாலிசியை முடிக்காமல், மூன்று நான்கு நாள் சேர்த்தே எடுங்கள்.

'டிடக்டபிள்' என்று ஒரு தொகை இருக்கும். ஒவ்வொரு க்ளெய்மிலும் அவ்வளவை நாம்தான் கட்ட வேண்டும். பிரீமியம் குறைவாக இருக்கும் பாலிசியில் அது அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குத் தனித்தனி உச்சவரம்பு வைத்திருக்கலாம்.

மருத்துவமனை பில், டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் எழுதிய குறிப்பு, திருட்டு என்றால் போலீஸ் புகார் நகல் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. வாக்காளர் அட்டையோடு நேபாளம் போனவர்களுக்கு பாஸ்போர்ட் முத்திரை இருக்காது. போய் வந்ததற்கு போர்டிங் பாஸ்தான் சாட்சி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மறுத்துவிட்டால்?

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். நிறுவனம் உங்களுக்கு முன்பு அனுப்பிய அந்த இமெயில் பதில், அப்போது கையில் இருக்கும் நல்ல ஆதாரம்.

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. பாலிசி எண், அசிஸ்டன்ஸ் கம்பெனி எண், ட்ரெக்கிங் ஏஜென்சி எண், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். மலையில் சிக்னல் இல்லாமல் போனால் அந்த முதல் போனை நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கும்.