ரத்தம் ஊறக் கீரை மட்டும் போதாது!

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் பெரிய தொல்லை ரத்த சோகை. முகம் வெளுக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

பார்த்துக்கொண்டிருக்க வீட்டாருக்கு மனம் வருமா? முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், மாதுளைச் சாறு என்று ஊட்டுகிறார்கள். அன்பு நல்லதுதான். ஆனால், அந்த அன்பே ஆபத்தாகலாம்!

கீரையிலும் பழத்திலும் பொட்டாசியம் என்ற சத்து உண்டு. மிஞ்சும் பொட்டாசியத்தை நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். கெட்ட சிறுநீரகத்தால் அது முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றுவிடவும் கூடும்.

சோகை ஏன் வருகிறது?

சிறுநீரைப் பிரிப்பது மட்டுமே சிறுநீரகத்தின் வேலை அல்ல. "சிவப்பு அணுக்களை உண்டாக்கு" என்று எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு அனுப்புவதும் அதுதான். அந்த உத்தரவைக் கொண்டுபோகும் பொருளுக்கு எரித்ரோபாய்டின் என்று பெயர். சிறுநீரகம் கெட்டால் இது குறைந்துவிடும்.

ஜப்பானில் சோகை நோயாளிகளிடம் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து, 1977-ல் சிகாகோ விஞ்ஞானி கோல்ட்வாசர் இதைப் பிரித்து எடுத்தார். 1989-ல் அமெரிக்காவில் இது ஊசி மருந்தாக அனுமதி பெற்றது. இன்று நம் ஊர்களிலும் கிடைக்கிறது.

செங்கல் வேண்டாமா?

மேஸ்திரி வந்தால் மட்டும் வீடு எழும்புமா? செங்கல் வேண்டும். ரத்தத்துக்குச் செங்கல், இரும்புச் சத்து.

ஒவ்வொரு டயாலிசிஸின்போதும் இயந்திரக் குழாய்களில் கொஞ்சம் ரத்தம் தங்கிவிடுகிறது. பரிசோதனைக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். இப்படி ஆண்டுக்கு 1 முதல் 3 கிராம் வரை இரும்பு போய்விடலாம். நல்ல உடலில் உள்ள மொத்த இரும்பே 3, 4 கிராம்தான்! இந்த நோயாளிகளின் குடலோ, சாப்பாட்டிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பைச் சரியாக ஏற்பதில்லை. ஆகவேதான் டாக்டர்கள் இரும்பை நேரே ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். இரும்பு இல்லாமல் எரித்ரோபாய்டின் ஊசி மட்டும் போட்டால் பலன் குறைவு.

அளவு முக்கியம்

ஹீமோகுளோபின் 10 முதல் 11.5 வரை இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். ஊசியால் அதை 13-க்கு உயர்த்த முயன்றபோது, சர்க்கரை வியாதியுள்ள சிறுநீரக நோயாளிகளிடம் பக்கவாதம் அதிகமானதை 2009-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. இரும்பும் மிஞ்சினால் கெடுதல்தான். கடையில் கேட்டு வாங்கிப் போடும் மருந்து அல்ல இது!

அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்வதும் நல்லதல்ல. பிறகு மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கடினமாகலாம். அவசரத்துக்கு மட்டுமே அது.

தெம்பு வந்துவிட்டது என்று சிலர் ஊசியை நிறுத்துகிறார்கள். காசில்லை என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். சில வாரங்களில் சோகை திரும்பிவிடும். பணமுடை இருந்தால் டாக்டரிடம் சொல்ல வெட்கம் எதற்கு?

வீட்டார் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு, இரும்பு எவ்வளவு, ஊசி எப்போது என்று கேட்டுக் குறிக்கட்டும். கீரைக் கட்டைவிட அந்த நோட்டுப் புத்தகம் உயிரைக் காக்கும்!