வெள்ளெழுத்தும் வில்லை மாற்றமும்

நாற்பதைக் கடந்ததும் நூலைக் கை நீளும் தொலைவிற்குத் தள்ளிப் பிடிக்கத் தொடங்குகிறோம். விழியினுள் இருக்கும் வில்லை நெகிழ்ச்சியை இழப்பதால் நேரும் குறை இது. வெள்ளெழுத்து என்பது இதன் பழம்பெயர். கண்ணாடி அணிவதற்கு மாற்றாக, அவ்வில்லையையே அகற்றிச் செயற்கை வில்லை பொருத்திக்கொள்ளும் அறுவை சிகிச்சையை இன்று பலர் நாடுகின்றனர்.

இச்சிகிச்சையின் பெருமையை நாம் மறுக்கவில்லை. உலகப்போரில் விமானிகளின் கண்களில் தைத்த அக்ரிலிக் சில்லுகள் உறுத்தாமல் கிடந்ததைக் கண்ட ஹரால்டு ரிட்லி, 1949-இல் லண்டனில் முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார். 1992-இல் மதுரையில் தொடங்கப்பெற்ற ஆரோலேப் அதனை மலிவாக்கியது. கண்புரையால் பார்வையிழந்த எளியோர் பலர் மீண்டும் உலகைக் கண்டனர்.

ஆயின், புரை விழுந்த வில்லையை நீக்குவது வேறு. கண்ணாடி வேண்டாம் என்பதற்காகவே தெளிந்த வில்லையை நீக்குவது வேறு. அண்மையும் சேய்மையும் ஒருங்கே காட்டும் வில்லைகளைப் பொருத்திக்கொண்டோரில் சிலருக்கு இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். மங்கிய வெளிச்சத்தில் எழுத்தின் துலக்கமும் குறையக்கூடும். கடுமையான கிட்டப்பார்வை உடையோர்க்கு விழித்திரை விலகும் அபாயமும் கூடுதல். அகற்றிய இயற்கை வில்லையை மீண்டும் வைக்க வழியில்லை.

கண்ணாடியையோ வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். பார்வை மாறினால் மாற்றிக்கொள்ளலாம். வாசிப்பையே வாழ்வாகக் கொண்ட நாம், புரை வரும் நாளில் தயங்காமல் மருத்துவரை நாடுவோம். அதுவரை மூக்கின்மேல் இச்சிறு சுமை இருந்துவிட்டுப் போகட்டுமே!