இலவசம் வேறு, கட்டற்றது வேறு



மென்பொருளைப் பற்றிய பேச்சு எழுந்தால், 'அது கணினி தெரிந்தவர்களின் வேலை' என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். இவ்வாறு ஒதுங்குவது தவறு என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வருபவர் அமெரிக்க நிரலர் ரிச்சர்டு ஸ்டால்மன். மென்பொருள் அடிப்படையில் ஓர் அரசியல் செய்தி என்பது அவர் வாதம். நிரல் பயனரின் ஆளுகையில் இருக்கிறதா, பயனர் நிரலின் ஆளுகையில் இருக்கிறாரா என்று கேட்டுப் பார்த்தால் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது விளங்கிவிடும் என்கிறார். அவர் கருத்துகளுள் நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு இன்றியமையாதவை சில; நாம் ஏற்க வேண்டாதவையும் சில. இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

ஸ்டால்மன் 1971ஆம் ஆண்டு முதல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றியவர். அங்கே நிரலர்கள் தாம் எழுதியதைப் பிறருக்குத் தயங்காமல் கொடுத்தனர். பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கிக்கொண்டால் உரியவருக்குச் செய்தி போகுமாறு செய்திருந்தனர். பின்னர் செராக்ஸ் நிறுவனம் ஒரு புதிய அச்சுப்பொறியை வழங்கியது. அதன் மூலநிரலை மட்டும் வழங்கவில்லை. அந்நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரைக் கேட்டபோது, வெளியிடுவதில்லை என உறுதிமொழி அளித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். ஓர் அச்சுப்பொறியின் சிக்கல் அறநெறிச் சிக்கலாகத் தமக்குத் தெரிந்தது அப்போதுதான் என்று ஸ்டால்மன் பலமுறை கூறியுள்ளார்.

அதன் பிறகு, 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். கட்டற்ற மென்பொருளுக்கு அவர் வகுத்த உரிமைகள் நான்கு. விரும்பிய நோக்கத்திற்கு இயக்குதல். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்துத் திருத்துதல். படியெடுத்துப் பிறருக்குக் கொடுத்தல். திருத்திய வடிவத்தையும் பகிர்தல்.

ஆங்கிலத்தில் 'இலவசம்' என்பதற்கும் 'சுதந்திரம்' என்பதற்கும் ஒரே சொல் வழங்குவதால், அவர் மேடைதோறும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் அந்த இடர்ப்பாடு இல்லை. இலவசம் என்பது விலையைக் குறிக்கிறது. கட்டற்றது என்பது உரிமையைக் குறிக்கிறது. விலை வாங்குவதை ஸ்டால்மன் எதிர்க்கவில்லை. தாம் உருவாக்கிய ஈமாக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அவரே விற்றார். உழைப்புக்குக் கூலி வாங்கலாம், பூட்டுப் போடுவதற்குக் கூலி வாங்கக் கூடாது என்பதே அவர் நிலைப்பாட்டின் சாரம்.

பள்ளிகளைப் பற்றி அவர் கூறுவது இன்னும் கடுமையானது. நிறுவனங்கள் தம் மூடிய மென்பொருளைப் பள்ளிகளுக்கு இலவசமாக அளிப்பதை, சிறுவர்களுக்குப் புகையிலை நிறுவனங்கள் சிகரெட்டை இலவசமாகக் கொடுத்துப் பழக்குவதற்கு ஒப்பிடுகிறார். படிக்கும்போது இலவசம், பழகிய பின் வாழ்நாள் வாடிக்கையாளர். உவமை கசப்பானது. ஆயினும் நம் நாட்டு அனுபவம் அதை முற்றிலும் பொய்யாக்கவில்லை.

மலேசியப் பள்ளிகளில் ஃபுரோக் என்னும் கற்றல் தளம் சில ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்தது. எத்தனையோ ஆசிரியர்கள் இரவு கண்விழித்து அதில் பாடங்களைக் கட்டினார்கள். 2019இல் அத்திட்டம் முடிவுக்கு வந்து, கூகுள் வகுப்பறை வந்தது. 2020ஆம் ஆண்டு ஜூனில் டெலிமா தளம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் ஆசிரியர் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. தளத்தை மாற்றுவது அமைச்சின் உரிமை. ஆனால் ஆசிரியரின் உழைப்பு எந்தத் தளத்திற்கும் எடுத்துச் செல்லத்தக்க வடிவத்தில் இருந்திருக்க வேண்டாமா?

கூகுள் நிறுவனம் கல்வி நிலையங்களுக்கு வரம்பற்ற சேமிப்பிடம் வழங்கி வந்தது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்தச் சலுகையை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனத்திற்கு 100 டெராபைட் என அடிப்படை வரம்பு விதித்தது. கொடுத்தவர் அளவைக் குறைத்தார்; வாங்கியவர் எதிர்த்துக் கேட்க வழியில்லை. இலவசத்தின் இயல்பு அது.

அடோபி ஃபிளாஷின் கதை இதனினும் வருந்தத்தக்கது. 2000ஆம் ஆண்டுகளில் அசைவூட்டப் பாடங்களும் எழுத்துப் பயிற்சி விளையாட்டுகளும் பெரும்பாலும் ஃபிளாஷில்தான் ஆக்கப்பட்டன. 2020 டிசம்பர் 31ஆம் நாளுடன் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கி உள்ளடக்கத்தைத் திறக்கவே மறுத்தது. நம் கணினியில், நாம் செய்த பாடத்தை, நமக்கே திறக்க மறுப்பு! ஸ்டால்மன் கேட்ட 'யாருடைய ஆளுகை' என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? பிறகு அப்பாடங்களில் பலவற்றை மீண்டும் இயங்கச் செய்தது, தன்னார்வலர்கள் ஆக்கிய 'ரஃபிள்' என்னும் கட்டற்ற நிரல்.

இனி, ஸ்டால்மனோடு நான் மாறுபடும் இடத்திற்கு வருகிறேன்.

மூடிய மென்பொருளைப் பள்ளியில் தொடவே கூடாது என்கிறார் அவர். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்து படித்த வீடுகள் நம்மிடையே இருந்தன. அந்தத் தாயிடம் போய் மூலநிரலைப் பற்றிப் பேச முடியுமா? கையில் கிடைத்த கருவியைக் கொண்டு பாடம் நடத்திய ஆசிரியர் செய்ததே சரி. கொள்கைத் தூய்மைக்காக ஒரு பிள்ளையின் பாடம் நிற்கக் கூடாது.

தமிழ்க் கணிமையின் வரலாறும் அவர் கட்டளைக்கு முழுமையாக அடங்குவதில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல், ஸ்டால்மனின் அளவுகோலில் கட்டற்ற மென்பொருளன்று. ஆயினும் தமிழர் பலரைக் கணினியில் தமிழ் எழுத வைத்தது அதுவே; அதற்கு நாம் கடமைப்பட்டவர்கள். தன்னார்வலர்களின் எ-கலப்பை கட்டற்றது; அதுவும் எண்ணற்றோருக்குத் தமிழைத் தட்டச்சுப் பலகைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் தேவைப்பட்டன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒருவர் தட்டச்சிட்ட வினாத்தாள், அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. நம்மை மீட்டது யூனிகோடு என்னும் திறந்த தரம். 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இன்று எந்த நிறுவனத்தின் கருவியில் எழுதினாலும், வேறு நிறுவனத்தின் கருவியில் படிக்க முடிகிறது. நிரல் மூடியிருப்பினும் எழுத்தின் வடிவம் திறந்திருந்தால் நம் உழைப்பு பிழைத்துக்கொள்ளும். ஆகவே பள்ளிகள் முதலில் கேட்க வேண்டியது திறந்த வடிவம். நிரலின் உரிமை அதற்கு அடுத்தது. ஸ்டால்மன் இந்த வரிசையை ஏற்கமாட்டார். நம் பள்ளிகளின் நிலைக்கு இதுவே ஏற்றது என்பது என் துணிபு.

தனிமனிதராக அவர் குறைகளுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். பாலியல் குற்ற வழக்கொன்று தொடர்பாக அவர் எழுதியவை கடும் கண்டனத்திற்கு உள்ளாகி, 2019இல் அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2021இல் அதன் இயக்குநர் குழுவுக்குத் திரும்பியபோதும் எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. அவர் எழுப்பிய கேள்வி அதனால் செல்லாததாகிவிடாது. கருத்தைக் கருத்தாகவே ஆராய்வதற்குத்தானே நாம் மாணவர்களைப் பழக்குகிறோம்?

நாம் செய்யக்கூடியவை எளியவை. பாடக் குறிப்புகளை யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை மாற்றிவையுங்கள். தளத்தில் ஏற்றியதன் படி ஒன்றைப் பள்ளியின் சொந்த வன்தட்டில் வைத்திருங்கள். லிப்ரெ ஆபிஸ் போன்ற ஒரு கட்டற்ற கருவியையேனும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். உரிமம் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் புதிய தளமொன்றைப் பற்றி விளக்க வருவோரிடம், "நாளை நாங்கள் விலகினால் பிள்ளைகளின் படைப்புகளை எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

கேரள மாநிலம் தன் உயர்நிலைப் பள்ளிகளின் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிக் காட்டியிருக்கிறது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நமக்கு உள்ளன. ஒரு பள்ளி ஆக்கிய பாடம் எல்லாப் பள்ளிகளுக்கும் செல்லும்படி திறந்து வைத்தால், எத்தனை ஆசிரியர்களின் இரவுகள் மிஞ்சும்! சிந்திப்போம், செயற்படுவோம்.