உங்க உடம்புக்கு சர்டிஃபிகேட் கொடுத்துட்டேன், உங்க பைக்கு யார் கொடுப்பா?

நவம்பர் பிறந்தா போதும். எங்க ஓபியில காய்ச்சல், இருமல் வரிசைக்கு நடுவுல கையில ஒரு ஃபாரத்தோட நாலஞ்சு இளவட்டங்க நிப்பாங்க. "சார், இமயமலை ட்ரெக்கிங் போறோம். ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்ல ஒரு சைன் வேணும்." பிபி பார்ப்பேன். நெஞ்சுல ஸ்டெத் வச்சுக் கேட்பேன். ஆஸ்துமா, வலிப்பு, சுகர் இருக்கான்னு விசாரிப்பேன். கையெழுத்து, சீல். அஞ்சு நிமிஷ வேலை.

இப்பல்லாம் சீல் வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் கேட்கிறேன். "ஸ்லீப்பிங் பேக்குல ஒரு ராத்திரியாவது படுத்துப் பார்த்தீங்களா? இந்த ஷூவைப் போட்டுக்கிட்டு எத்தனை கிலோமீட்டர் நடந்திருக்கீங்க?" சிரிப்பாங்க. "அதெல்லாம் அங்கயே வாடகைக்குக் கொடுப்பாங்க சார்."

ஏன் கேட்கிறேன்னு சொல்றேன்.

சில வருஷம் முன்னாடி, டிசம்பர்ல, நாங்க ஆறு பேர் உத்தராகண்ட்ல இருக்கிற கேதார்கந்தா போனோம். சுமார் 12,500 அடி. முதல் தடவை பனியில ஏறுறவங்களுக்கு ஏத்த மலைன்னு பேர். சங்க்ரி கிராமத்துல ஸ்லீப்பிங் பேக்கை வாடகைக்கு எடுத்தோம். உறைக்குள்ள அழகாச் சுருட்டி வச்சிருந்தாங்க. ஒருத்தரும் பிரிச்சுப் பார்க்கல. நான் உட்பட.

ரெண்டாவது ராத்திரி டென்ட்ல ஒரு தம்பியோட பைக்கு ஜிப் முழங்காலுக்கு மேல ஏறல. பல் போயிருந்துச்சு. எல்லாரும் அசதியில தூங்கியாச்சு, எழுப்பக் கூச்சப்பட்டு அப்படியே படுத்துட்டான். உள்ள போட்டிருந்தது பகல் முழுக்க வேர்த்து நனைஞ்ச காட்டன் பனியன். ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு முழிப்பு வந்தப்போ அவன் நடுங்கலை. கூப்பிட்டா ஏதோ சம்பந்தமில்லாம, நாக்கு குழறிப் பேசுறான்.

இதை எல்லாரும் மனசுல வச்சுக்கோங்க. குளிர்ல நடுங்குற ஆளோட உடம்பு இன்னும் போராடிக்கிட்டு இருக்கு. குளிர் அப்படியே இருக்க, நடுக்கம் மட்டும் நின்னு, பேச்சும் குழறுதுன்னா உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிட்டிருக்குன்னு அர்த்தம். ஹைப்போதெர்மியா. "ஆள் அமைதியாத் தூங்கிட்டான்"னு விட்டா, காலைல எழுப்ப ஆள் இருக்காது.

அவசரமா ஹெட்லேம்ப்பைத் தேடினேன். என்னோடது புத்தம் புதுசு. பைக்குள்ள எதுலயோ அழுந்தி, பகல் முழுக்க எரிஞ்சு பேட்டரி காலி. செல்போன் வெளிச்சத்துலதான் ஈரத்துணியைக் கழற்றி, காய்ஞ்சதைப் போட்டு, ரெண்டு பைக்குள்ள அவனைத் திணிச்சு, வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்தி அக்குள்ல வச்சோம். விழுங்குற அளவுக்குத் தெளிஞ்சதும் சர்க்கரை போட்ட சுடுதண்ணி. ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி நடுங்க ஆரம்பிச்சான். என் வாழ்க்கையில ஒருத்தர் நடுங்குறதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்ல. விடிஞ்சதும் கீழே இறக்கிட்டோம்.

கூட ஒரு டாக்டர் இருந்தும் இந்த லட்சணம். அந்த ஆறு பேருக்கும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போட்டது வேற யாரும் இல்ல, நான்தான். ஆறு உடம்பையும் சோதிச்சேன், ஒரு ஜிப்பைச் சோதிக்கல.

இந்தப் பாடம் பழசு. 1865 ஜூலை 14, மேட்டர்ஹார்ன் சிகரத்துல முதன்முதலா ஏழு பேர் ஏறினாங்க. இறங்குறப்போ ஒருத்தர் வழுக்க, கயிறு அறுந்து நாலு பேர் செத்துப் போனாங்க. கொடுமை என்னன்னா, அறுந்தது அவங்ககிட்ட இருந்ததுலயே பழைய, பலம் குறைஞ்ச கயிறு. அதைவிட உறுதியான கயிறு அவங்க கைவசமே இருந்துச்சு. அறுந்த துண்டு இன்னமும் ஜெர்மாட் அருங்காட்சியகத்துல இருக்கு.

எங்க ஆளு ஒருத்தரையும் சொல்லணும். 1953 எவரெஸ்ட் வெற்றின்னா ஹிலரி, டென்சிங் பேரு தெரியும். கிரிஃபித் பியூங்கிற டாக்டர் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? முந்தின வருஷமே இமயமலைக்குப் போய் ஆக்சிஜன் எவ்வளவு வேணும், எவ்வளவு தண்ணி குடிக்கணும், துணி எப்படி இருக்கணும்னு ஆட்களை ஏத்தி இறக்கி அளந்து பார்த்தவர். அப்படியும், உச்சிக்குப் போற அன்னிக்குக் காலைல, கழற்றி வச்ச ஹிலரியோட பூட்ஸ் கல்லாட்டம் உறைஞ்சு, ரெண்டு மணி நேரம் ஸ்டவ்ல காட்டி இளக்க வேண்டியதாப் போச்சு.

நம்ம யூடியூப் வீடியோக்கள்ல எந்த பிராண்டு, எவ்வளவு டிஸ்கவுண்ட்ங்கிறதுதான் முக்கால் மணி நேரம் ஓடுது. என் கருத்து இதுதான்: நீங்களே போட்டு, நனைச்சு, நடந்து பார்த்த சாதாரண பொருள், டேக் பிரிக்காத இருபதாயிரம் ரூபாய் பொருளை விட உங்களைக் காப்பாத்தும்.

ஸ்லீப்பிங் பேக்கையே எடுத்துக்கோங்க. "மைனஸ் 10"ன்னு உறையில பெருசாப் போட்டிருக்கும். எந்த மைனஸ் 10? ஐஎஸ்ஓ 23537ன்னு ஒரு தர அளவு இருக்கு. அதுல கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு தனித்தனி எண். கம்ஃபர்ட்னா சராசரிப் பெண் ஒருத்தர் நிம்மதியாத் தூங்கலாம். லிமிட்னா சராசரி ஆண் உடம்பைச் சுருட்டிக்கிட்டு எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். எக்ஸ்ட்ரீம்னா ஆறு மணி நேரம் உயிர் தங்கும், அவ்வளவுதான், ஹைப்போதெர்மியா வரலாம். சில கடைகள்ல பெருசாக் காட்டுறது இந்தக் கடைசி எண்ணை. நீங்க பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண். அதோட, உடம்புக்கு அடியில நசுங்கின பஞ்சு சூட்டைப் பிடிச்சு வைக்காது. தரைக்குளிரைத் தடுக்கிறது கீழே விரிக்கிற மேட். நல்ல பை வாங்கிட்டு மேட்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க.

"நம்ம ஊரு வெக்கையில இதை எப்படி சார் சோதிக்கிறது?" நியாயமான கேள்வி. குளிரைச் சோதிக்க ஜனவரியில ஊட்டிப் பக்கம் ஒரு ராத்திரி போயிட்டு வரலாம், உறைபனி விழுற இடம். ஜிப்பைச் சோதிக்க ஊட்டி எதுக்கு? விளக்கை அணைச்சுட்டு, கையுறை போட்டுக்கிட்டு, உள்ள படுத்து மூடித் திறந்து பாருங்க. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா பஞ்சு ஒதுங்கிப்போன இடம் தெரியும். டென்ட்டை மொட்டை மாடியில கட்டி பக்கெட் தண்ணியை ஊத்துங்க. ஹெட்லேம்ப்ல லாக் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா பகல்ல பேட்டரியைக் கழற்றி வைங்க. பையில பத்து கிலோ அரிசியைப் போட்டு, அதே ஷூ, அதே சாக்ஸோட ஒரு மாசம் மாடிப்படி ஏறி இறங்குங்க. கொப்புளம் வர்றதா இருந்தா வீட்டுலயே வரட்டும்.

ஸ்டவ் விஷயத்துல மட்டும் சோதனையே வேண்டாம். மூடின டென்ட்டுக்குள்ள ஸ்டவ்வோ கரியடுப்போ எரியவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல ஹீமோகுளோபினோட ஒட்டிக்கும். மலை உச்சியில தலைவலி, குமட்டல்னா உயரம் ஒத்துக்கலைன்னு நினைச்சுப் படுத்துடுவீங்க. விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பாதீங்க. அதுக்கு ஆக்சிஜனுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆள் மயங்குற நேரத்துலயும் 98 காட்டும்.

கயிறு, ஹார்னஸ் கட்டி ஏறப் போறவங்களுக்கு: முறையான பயிற்சி நிறுவனத்துல கத்துக்காம இதைத் தொடாதீங்க. செகண்ட் ஹேண்ட்ல கயிறு, ஹெல்மெட் வாங்கவே வாங்காதீங்க. பேட்டரி ஆசிட் பட்ட நைலான் கயிறு வெளியில நல்லாத்தான் தெரியும். ஒரு பெரிய அடி தாங்கின ஹெல்மெட்டும் அப்படித்தான்.

வாடகைக்கு எடுக்கிறவங்க அரை மணி நேரம் முன்னாடி போங்க. எல்லாத்தையும் பிரிச்சுப் பாருங்க. பின்னாடி நிக்கிறவங்க முறைப்பாங்க, கடைக்காரர் சலிச்சுப்பார். முறைச்சா முறைக்கட்டும்.

போன வாரம் சைன் வாங்கிட்டுப் போன ஒரு பையன் வீடியோ அனுப்பியிருந்தான். மொட்டை மாடியில புது டென்ட், அவன் உள்ள, அவங்க அம்மா வெளிய நின்னு குடம் குடமா ஊத்துறாங்க. மூணாவது குடத்துல தையல் வழியா ஒழுகுது. கடையில மாத்திக் கொடுத்துட்டாங்களாம்.